காட்டுக்குக் காடு மண் வேறு. உரக் கணக்கும் வேறு

உரம் போடும் மாதம் வந்துவிட்டால் பெரட்டில் ஒரு கேள்வி தவறாமல் எழும்.

"ஏங்கய்யா, பக்கத்துக் காட்டுல மரத்துக்கு மூணு கப்புன்னு சொன்னீங்க. இங்க மட்டும் ஒண்ணரைக் கப்பா? இந்த மரம் என்ன, மாற்றாந்தாய்ப் பிள்ளையா?"

"எனக்கென்னம்மா தெரியும்? ஆபீசுக்கு வந்த தாள்ல அப்படித்தான் போட்டிருக்கு" என்பார் கிராணி. பேச்சு அதோடு முடிந்துவிடும். உர மூட்டைகள் டிராக்டரில் ஏறும். பெண்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு நிறைக்குள் இறங்கிவிடுவார்கள்.

அந்தத் தாளைப் பற்றித்தான் நாம் இன்று பேசப் போகிறோம். அது எங்கிருந்து வருகிறது? அதில் உள்ள எண்களை யார், எதைப் பார்த்து எழுதுகிறார்கள்? நம் தொழிலாளத் தோழர்களில் பலர் காலமெல்லாம் உரம் போட்டிருக்கிறார்கள். ஆனால் இதை அவர்களுக்கு உட்கார வைத்துச் சொன்னவர்கள் மிகக் குறைவு.

"தோட்டத்து மண் தோட்டத்துக்காரன் பாடு, நமக்கென்ன?" என்று சிலர் நினைக்கலாம். அப்படி ஒதுக்கிவிட முடியாது. மரத்தில் பால் குறைந்தால் வெட்டுக்காரரின் வாளியில் குறைகிறது. குலை சிறுத்தால் பழம் அறுப்பவரின் கூலியில் குறைகிறது. அதோடு, தோட்டங்களில் இன்று நம்மவர் தொகை முன்போல் இல்லை. தோட்டம் விற்கப்பட்டு வெளியேறியவர்களில் சிலர், சேமநிதிப் பணத்தைப் போட்டு இரண்டு ஏக்கர், நான்கு ஏக்கர் என்று செம்பனைக் கெபூன் வாங்கியிருக்கிறார்கள். இவர்களுக்குத் தாளும் இல்லை, கிராணியும் இல்லை. "தோட்டத்துல நாங்க மரத்துக்கு மூணு கப்புத்தான் போட்டோம்" என்று பழைய ஞாபகத்தில் போடுகிறார்கள். அந்தத் தோட்டம் ஜொகூரில் மேட்டு நிலமாக இருந்திருக்கும். இவர் வாங்கிய கெபூனோ பாகான் டத்தோ கடலோரத்தில் இருக்கும். இரண்டும் ஒரே மண்ணா?

மழை கழுவிய மண்

நம் நாட்டு மேட்டு நிலத்து மண் மிகப் பழையது. வெயிலும் மழையும் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அதைச் சமைத்திருக்கின்றன. தீபகற்பத்தில் பெரும்பாலான இடங்களில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. அத்தனை மழையும் மண்ணிலுள்ள சுண்ணாம்புச்சத்தையும் மக்னீசியத்தையும் பொட்டாஷையும் கரைத்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது இரும்பும் அலுமினியமும். செம்மண்ணாகவும் மஞ்சள் மண்ணாகவும் நாம் பார்ப்பது அதைத்தான். மலேசிய நிலப்பரப்பில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு இப்படி வெளுத்துப்போன மண் என்று மண் நூல் வல்லுநர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இந்த மண் புளிப்பு மண். புளிப்பை அளக்க பி.எச். என்று ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். 7 என்றால் புளிப்பும் இல்லை, காரமும் இல்லை. அதற்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு ஏறும். நம் மேட்டு நிலங்களில் பெரும்பாலும் 4-க்கும் 5-க்கும் இடையில் நிற்கிறது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. 5-லிருந்து 4-க்கு இறங்கினால் புளிப்பு ஒரு பங்கு கூடுகிறது என்று எண்ணிவிடக் கூடாது. பத்து மடங்கு கூடுகிறது! ஆகவே தாளில் 4.2 என்றும் 5.2 என்றும் இருந்தால், "ஒண்ணுதானே வித்தியாசம்" என்று தள்ளிவிட வேண்டாம்.

புளிப்பு மிகும்போது மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேருக்கு நஞ்சாகிறது. வேர் நீளாமல் குட்டையாகித் தடித்துப்போகும். சோளம், மிளகாய், பயற்றங்காய், நிலக்கடலை போன்றவை இதைத் தாங்கமாட்டா. "என்ன போட்டாலும் இந்தக் கொல்லையில் ஒண்ணும் வளரமாட்டேங்குது" என்று லயத்துப் பெண்கள் சலித்துக்கொள்வதற்குப் பல சமயம் இதுதான் காரணம், கண்ணேறு அல்ல.

சுண்ணாம்பு எல்லாவற்றுக்கும் மருந்தா?

புளிப்புக்கு மாற்று சுண்ணாம்பு. பேராக்கில் ஈப்போவைச் சுற்றி நிற்கும் வெள்ளை மலைகள் சுண்ணாம்புக்கல் மலைகள்தாம். கல்லை அரைத்துத் தூளாக்கி நிலத்தில் தூவினால் புளிப்பு அடங்கும். தோட்டங்களில் வழக்கமாகப் பயன்படுத்துவது ஜி.எம்.எல். என்று ஸ்டோரில் சொல்லப்படும் தூள். அதில் சுண்ணாம்புச்சத்தோடு மக்னீசியமும் கலந்திருக்கும். வெற்றிலைக்குத் தடவும் நீற்றிய சுண்ணாம்பு வேறு; இது வெறும் கல் தூள். ஆனால் ஒரு குணம் இரண்டுக்கும் பொது. வெற்றிலையில் அளவாகத் தடவினால் மணக்கும், கூடிவிட்டால் வாய் வெந்துவிடும்.

அப்படியானால் 4.5 என்று தாள் வந்த ரப்பர் காட்டுக்கு லாரி லாரியாகச் சுண்ணாம்பு அடிக்க வேண்டுமா? வேண்டியதில்லை. ரப்பர் மரத்தின் பூர்வீகம் அமேசான் காடு. புளிப்பு மண்ணிலேயே பிறந்து வளர்ந்த மரம். 4-லிருந்து 6 வரை அதற்கு ஒத்துக்கொள்ளும். அதற்கும் மேலே ஏறினால்தான் சிரமம். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த செம்பனையும் நம் புளிப்பு மண்ணைத் தாங்கிக்கொள்ளும். புளிப்பு என்றதும் சுண்ணாம்பைத் தேடுவது காய்கறிக்குச் சரி, பால்மரத்துக்குச் சரியல்ல.

இங்கே வெட்டுக்காரத் தோழர்கள் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. பாலில் மக்னீசியம் மிகுந்துவிட்டால் பால் நிலைத்து நிற்காது. மங்கில் சேர்வதற்கு முன்பே, வெட்டுக்கோட்டிலேயே கட்ட ஆரம்பித்துவிடும். கோடு சீக்கிரம் அடைபட்டு ஒழுக்கு நின்றுபோகும். திரவப்பாலாக வாளிக்கு வரவேண்டியது ஒட்டுப்பாலாக மரத்தில் தங்கும். ஒட்டுப்பாலுக்கு என்ன விலை, திரவப்பாலுக்கு என்ன விலை என்று வெட்டுக்காரருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. மண்ணில் மக்னீசியம் போதுமான அளவு இருக்கும்போதே, "எதற்கும் இருக்கட்டும்" என்று மக்னீசியச் சுண்ணாம்பையோ கீசரைட்டையோ அள்ளிப் போட்டால் வரும் வினை இது. இதற்கு எதிரிடையாகப் பொட்டாஷும் மணிச்சத்தும் போதிய அளவில் இருந்தால் பால் நன்றாக ஓடும். ஆக, மக்னீசியம் எவ்வளவு, பொட்டாஷ் எவ்வளவு என்று மண்ணையும் இலையையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

தழைச்சத்து மிகுந்தாலும் கேடு உண்டு. யூரியாவை அள்ளிப் போட்டால் ரப்பர் மரத்தின் தலை கனத்துவிடும். சில ஜாதி மரங்கள் காற்று அடித்தால் தண்டோடு முறிந்து விழும். விழுந்த மரத்துக்கு உரம் போட்டவரைத் திட்டுவார்கள். கணக்குப் போட்டவரை யாரும் திட்டுவதில்லை!

ஊர்ப் பெயர் சூட்டிய மண்

மண்ணின் வகைகளுக்கு நம் நாட்டில் ஊர்ப் பெயர்களையே சூட்டியிருக்கிறார்கள். ரெங்கம் மண், செர்டாங் மண், சிகாமட் மண், குவாந்தான் மண், சிலாங்கூர் மண், மலாக்கா மண். ஒரு மண்ணை முதலில் எந்த ஊரில் இனம் கண்டார்களோ அந்த ஊரின் பெயர் பெரும்பாலும் அதற்கு நின்றுவிட்டது. ஆனால் ரெங்கம் மண் ரெங்கத்தில் மட்டும்தான் இருக்கும் என்பதில்லை. சிலாங்கூரிலும் இருக்கும், நெகிரி செம்பிலானிலும் இருக்கும். கருங்கல் மலை மக்கி உண்டான மண் அது. ஆழமானது, நீர் தேங்காது, வேர் தாராளமாக இறங்கும். ஆனால் பொட்டாஷும் மக்னீசியமும் அதில் குறைவு. செர்டாங் மண் மணற்கல்லிலிருந்து வந்தது, மணல் அதிகம். போட்ட உரத்தைப் பிடித்து வைக்கும் சக்தி குறைவாகையால் பெருமழையில் அடித்துக்கொண்டு போகும். அங்கே ஒரே தடவையில் கொட்டாமல் இரண்டு மூன்று தடவையாகப் பிரித்துப் போடுவதுதான் புத்திசாலித்தனம். குவாந்தான் மண் எரிமலைப் பாறையிலிருந்து வந்த கருஞ்சிவப்பு மண். பார்க்க வளமாகத் தெரியும். அதிலுள்ள இரும்பு, போட்ட மணிச்சத்தைப் பிடித்துக்கொண்டு மரத்துக்கு விடாது. மலாக்கா மண்ணில் செம்புரைக் கல்லுருண்டைகள் நிறைந்திருக்கும். வெயில் காலத்தில் தண்ணீருக்கே திண்டாட்டம்.

1960களில் விவசாய இலாகா தீபகற்பம் முழுவதும் மண்ணை ஆராய்ந்து வரைபடம் போட்டது. ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் ஒவ்வொரு மண் வகையிலும் உரச் சோதனைக் காடுகளை வைத்து, எந்த மண்ணுக்கு எந்த உரம் பலன் தருகிறது என்று ஆண்டுக்கணக்கில் பால் நிறுத்துப் பார்த்தது. 1925-ல் அமைக்கப்பட்ட அந்தக் கழகம் 1998-லிருந்து மலேசிய ரப்பர் வாரியத்தின் அங்கமாக இருக்கிறது. அதன் மண் ஆராய்ச்சிப் பணியில் ஈடுபட்டவர்களில் புஷ்பராஜா என்ற அறிஞர் குறிப்பிடத்தக்கவர். தீபகற்பத்தில் ரப்பர் பயிராகும் மண்களைப் பற்றி 1977-ல் கழகம் வெளியிட்ட நூலின் பதிப்பாசிரியர்களில் அவர் ஒருவர். எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே உரம், ஒரே அளவு என்ற பழைய வழக்கம் மாறி, மண்ணையும் இலையையும் பார்த்து அளவு சொல்லும் முறை வேரூன்றியது இத்தகைய சோதனைகளால்தான். அந்தச் சோதனைக் காடுகளிலும் உரம் போட்டதும் பால் எடுத்ததும் நம்மவர் கைகளே என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

கடலோரக் கதை

மேட்டு நிலத்துக் கணக்கு கடலோரத்தில் செல்லாது. கிள்ளான், பந்திங், கோலசிலாங்கூர், பாகான் டத்தோ பக்கத்துக் களிமண் ஒரு காலத்தில் கடல் கொண்டுவந்து சேர்த்தது. பொட்டாஷும் மக்னீசியமும் இயற்கையாகவே அதில் அதிகம். சத்துள்ள இந்த மண்ணில் மேட்டு நிலத்து அளவுக்குக் கீசரைட் போடுவது காசைச் சாக்கடையில் கொட்டுவதற்குச் சமம்.

ஆனால் கடலோரத்தில் வேறொரு பூதம் புதைந்து கிடக்கிறது. பழைய பாக்காவ் காடுகள் மூடிப்போன இடங்களில், சில அடி ஆழத்தில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒரு பொருள் உறங்கிக்கொண்டிருக்கும். தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் வரை அது யாருக்கும் தீங்கு செய்யாது. வடிகாலை ஆழமாக வெட்டித் தண்ணீரை ஓட்டிவிட்டால் காற்றுப் பட்டு அது கந்தக ஆசிட்டாக மாறிவிடும். பி.எச். 3.5-க்கும் கீழே போய்விடும். பாரிட்டுத் தண்ணீர் துருப்பிடித்த நிறமாக ஓடும். தோண்டிப் பார்த்தால் களிமண்ணில் வைக்கோல் நிறத்தில் மஞ்சள் கோடுகள் தெரியும். மரத்தில் ஓலை மஞ்சளித்து, குலை சிறுக்கும்.

இதற்குச் சுண்ணாம்பு போட்டு மாளாது. அடியில் ஊறிவரும் ஆசிட்டை அடக்க ஹெக்டருக்குப் பத்துக்கணக்கான டன்கள் வேண்டும், யாரால் முடியும்? மேற்குக் கரையோரத் தோட்டங்களில் 1960களிலும் 1970களிலும் இதற்கு வழி கண்டார்கள். பாரிட்டுகளில் தடுப்புப் போட்டு நீர்மட்டத்தை உயர்த்தி, அந்த மஞ்சள் மண்ணை மறுபடி தண்ணீருக்குள் மூழ்க வைத்தார்கள். குலை திரும்ப வந்தது. ஆகவே கடலோரத்தில் கெபூன் வைத்திருப்பவர்கள், "தண்ணி நிக்குது, இன்னும் ரெண்டடி ஆழமா வெட்டு" என்று எக்ஸ்கவேட்டர்காரரிடம் சொல்வதற்கு முன் அடிமண்ணைச் சோதித்துப் பாருங்கள். ஏறக்குறைய இரண்டு அடியில் நீர்மட்டம் நிற்பது செம்பனைக்குப் பாதகமில்லை. மேல்மண்ணை மட்டும் சோதித்தால் இந்தப் பூதம் தெரியாது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

மக்கு மண் என்று நாம் சொல்லும் சதுப்பு நிலம் இன்னொரு ரகம். ஜொகூரில் பொந்தியான் பக்கமும், கீழ்ப்பேராக்கிலும், சரவாக்கிலும் நிறைய உண்டு. அங்கே தழைச்சத்து ஓரளவு மண்ணிலேயே இருக்கும்; பொட்டாஷ்தான் பெரும் பற்றாக்குறை. செம்பு, துத்தநாகம், போரோன் போன்ற நுண்சத்துகளும் போதாது. செம்பு இல்லாமல் மரத்தின் நடு ஓலைகள் மஞ்சளித்து நிற்பதைப் பார்த்து யூரியாவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். பசிக்கிற பிள்ளைக்குத் தண்ணீரையே கொடுத்துக்கொண்டிருந்தால் எப்படி?

மண் எடுக்கும் கை

சோதனைச் சாலையில் எவ்வளவு பெரிய இயந்திரம் இருந்தாலும், அது தனக்கு வந்த மண்ணைத்தான் சோதிக்கும். மண் எடுத்தவர் தவறாக எடுத்தால் தாளும் தவறாகத்தான் வரும். தோட்டத்தில் மண் எடுக்கப் போவது நம் ஆள்தான்; கெபூனில் நாமேதான். எனவே இதைச் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

ஓரிடத்தில் ஒரு மண்வெட்டி வெட்டி எடுத்துக்கொண்டு போனால் போதாது. காட்டில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பதினைந்து இருபது இடங்களில் எடுத்துக் கலக்க வேண்டும். மேடும் பள்ளமும் உள்ள நிலமானால் மேட்டு மண் தனி, பள்ளத்து மண் தனி. இரண்டையும் கலந்தால் எதற்கும் பொருந்தாத ஒரு நடுக்கணக்கு வரும். மேலே ஆறு அங்குலம் ஒரு பையில், அதற்குக் கீழே ஆறு அங்குலம் இன்னொரு பையில். ரோட்டோரம், பாரிட்டுக் கரை, குப்பை எரித்த இடம், முன்பு மாட்டுக் கொட்டகை இருந்த இடம், உர மூட்டை அடுக்கிய இடம் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். உரம் போட்ட சூட்டோடு எடுக்கக் கூடாது. இரண்டு மூன்று மாதம் கழியட்டும்.

செம்பனையில் இன்னொரு நுணுக்கம். மரத்தைச் சுற்றிப் புல் வெட்டிச் சுத்தமாக வைத்திருக்கும் வட்டத்தில்தான் ஆண்டாண்டாக உரம் விழுகிறது. மட்டை அடுக்கிய வரிசையில் மக்கு சேர்கிறது. ஒரே மரத்தடியில் இரண்டு விதமான மண்! வட்டத்து மண் தனியே, மட்டை வரிசைக்கும் வட்டத்துக்கும் இடைப்பட்ட மண் தனியே எடுத்தால்தான் உண்மை தெரியும். அம்மோனியம் சல்பேட்டைத் தொடர்ந்து போட்ட காடுகளில் வட்டத்து மண் மற்ற இடத்தைவிடப் புளித்துப் போயிருக்கும். இந்த உரம் 100 கிலோ உண்டாக்கும் புளிப்பை அடக்க ஏறக்குறைய 110 கிலோ சுண்ணாம்புத் தூள் தேவை. யூரியாவும் புளிப்பேற்றும், ஆனால் அதே அளவு தழைச்சத்துக்குக் கணக்குப் பார்த்தால் குறைவாகவே ஏற்றும்.

அப்புறம் வாளி. உரம் போட்ட வாளியிலேயே மண்ணை அள்ளிக் கலந்தால், வாளியில் ஒட்டியிருக்கும் ஒரு சிட்டிகைப் பொட்டாஷே போதும், தாளில் "பொட்டாஷ் தாராளம்" என்று வந்துவிடும். அடுத்த வருடம் உரத்தைக் குறைப்பார்கள். மரம் பட்டினி கிடக்கும். தகர வாளியும் வேண்டாம். கழுவிக் காய்ந்த பிளாஸ்டிக் வாளி நல்லது. கலந்த மண்ணிலிருந்து அரைக் கிலோ எடுத்து நிழலில் உலர்த்தி, புதிய பையில் போட்டு, எந்தக் காடு, எவ்வளவு ஆழம், எந்தத் தேதி என்று சீட்டு எழுதிக் கட்டுங்கள். சீட்டை ஈரமண்ணோடு உள்ளே போட்டால் எழுத்து அழிந்துவிடும். இரண்டு பையாகப் போட்டு நடுவில் சீட்டை வைப்பதே மேல்.

தாள் சொல்வதும் சொல்லாததும்

தாளில் பி.எச்., மணிச்சத்து, பொட்டாஷ், மக்னீசியம், சுண்ணாம்புச்சத்து, சில சமயம் அலுமினியம், களியும் மணலும் எத்தனை பங்கு என்பவை இருக்கும். பி.எச். ஒன்றை மட்டும் பார்த்துச் சுண்ணாம்புக் கணக்குப் போடக் கூடாது. மணல் மண்ணும் களிமண்ணும் ஒரே 4.5 காட்டலாம். மணலின் புளிப்பைக் கொஞ்சம் சுண்ணாம்பு அடக்கிவிடும். களிமண்ணோ தன் மடியில் புளிப்பை ஒளித்து வைத்திருக்கும். அதற்கு இரண்டு மூன்று மடங்கு கேட்கும்.

தழைச்சத்து விஷயத்தில் மண் சோதனையை அதிகம் நம்ப வேண்டாம். நம் வெயிலிலும் மழையிலும் அது மண்ணில் நிலைத்து நிற்பதில்லை. அதற்கு இலையைத்தான் கேட்க வேண்டும். செம்பனையில் உச்சியில் முழுதாக விரிந்த முதல் ஓலையிலிருந்து எண்ணி 17ஆவது மட்டையில் இலை எடுப்பது இதற்காகத்தான். முதிர்ந்த மரத்தின் அந்த மட்டையில் தழைச்சத்து ஏறக்குறைய 2.5 சதவீதமும் பொட்டாஷ் 1 சதவீதமும் இருந்தால் மரம் வயிறார உண்கிறது என்று பொருள். ரப்பரில் இலையுதிர்ந்து புதிதாக விட்டு நான்கு முதல் ஆறு மாதமான இலைகளை எடுப்பார்கள். தோட்டங்களில் இலைச் சோதனை ஆண்டுதோறும் நடக்கும். மண் சோதனை சில ஆண்டுகளுக்கு ஒரு முறை. மண் களஞ்சியத்தில் உள்ள இருப்பைச் சொல்கிறது, இலை இலையில் பரிமாறிய சோற்றைச் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இன்னொன்று. ராக் பாஸ்பேட் என்ற கல் உரம், கிறிஸ்துமஸ் தீவிலிருந்து நம் தோட்டங்களுக்கு வந்ததைப் பலரும் அறிவார்கள். இது புளிப்பு மண்ணில்தான் கரைந்து பலன் தரும். அதைப் போட்ட கையோடு அதே இடத்தில் சுண்ணாம்பையும் போட்டால் கல் கல்லாகவே கிடக்கும். புளிப்பு எல்லாச் சமயமும் எதிரியல்ல.

யூரியாவையோ அம்மோனியம் சல்பேட்டையோ சுண்ணாம்போடு கலக்கவே கூடாது. கலந்தால் மூக்கைத் துளைக்கும் நெடி எழும். பால் உறையாமலிருக்கத் தொழிற்சாலையில் ஊற்றும் அதே அமோனியா நெடிதான். காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து காற்றோடு போகிறது. இரண்டுக்கும் இடையில் சில வாரமாவது இடைவெளி விடுங்கள்.

கப்புக் கணக்கு

இப்போது பெரட்டில் எழுந்த கேள்விக்கு வருவோம். ஒரு காட்டுக்கு மூன்று கப், மறு காட்டுக்கு ஒன்றரைக் கப் என்பது மண்ணும் இலையும் சொன்ன வித்தியாசமாக இருக்கலாம். உரம் வேறாகவும் இருக்கலாம். ஒரே கப்பில் யூரியா எடை குறைவு. ராக் பாஸ்பேட் எடை கூடுதல். ஆகவே ஒவ்வோர் உரத்துக்கும் கப்பை நிறுத்து, கோடு போட்டுக் கொடுக்க வேண்டும். "போன தடவை கப்புதானே, அதே போடு" என்று மண்டோர் சொன்னால், "நிறுத்துப் பாத்தீங்களாண்ணே?" என்று கேளுங்கள். கேட்பதில் குற்றமில்லை.

நிறை முடிக்கும் அவசரத்தில் மரத்தடியில் ஒரே குவியலாகக் கொட்டுவதும், மிச்ச மூட்டையைப் பள்ளத்தில் உருட்டுவதும் நடக்காமல் இல்லை. இதற்காக உரம் போடும் பெண்கள் தலையில் மட்டும் பழியைச் சுமத்துவதை நாம் ஏற்கவில்லை. மேட்டுக்காட்டில் ஐம்பது கிலோ மூட்டையைப் பிரித்துச் சுமந்து ஏறும் ஒருத்திக்கு எத்தனை மரம் கணக்கு என்பதை, ஏறிப் பார்த்தவர்கள் நிர்ணயிக்க வேண்டும். சோதனைச் சாலைக்குச் செலவு செய்கிற நிர்வாகம் கையுறைக்கும் முகமூடிக்கும் கணக்குப் பார்க்கக் கூடாது. சுண்ணாம்புத் தூள் கண்ணில் விழுந்தால் கசக்காமல் நல்ல தண்ணீரால் கால் மணி நேரம் கழுவி, பிறகு கிளினிக்குக்குப் போக வேண்டும்.

கெபூன்காரர்களுக்குக் கப்புக் கணக்கு நேரடியாகக் காசுக் கணக்கு. ஏக்கருக்கு 55 மரம் என்றால் நான்கு ஏக்கரில் 220 மரம். மரத்துக்கு அரைக் கிலோ வீணாகப் போட்டால் 110 கிலோ, இரண்டு மூட்டைக்கும் மேல். 2021, 2022ஆம் ஆண்டுகளில் உர விலை இரட்டிப்பாகி ஏறியபோது பலர் உரமே போடாமல் விட்டார்கள். செம்பனையில் அந்தப் பட்டினி உடனே தெரியாது. பூ உருவாகிப் பழமாக இரண்டு மூன்று ஆண்டு பிடிக்கும். அதனால், "உரம் போடாமயே காய்க்குது பாத்தியா" என்று ஓராண்டு மார்தட்டியவர்களும் உண்டு. அப்படிப்பட்ட காலத்தில் எதைக் குறைத்தாலும் பாதகமில்லை, எதில் கை வைக்கக் கூடாது என்று சொல்வதற்குத்தான் மண்ணும் இலையும் பார்த்த தாள் தேவைப்படுகிறது.

வீட்டுக்குப் பின்னால் காய்கறி போடுவோருக்கும் ஒரு வார்த்தை. மேட்டு நிலத்து மண்ணில் சுண்ணாம்பு நிச்சயம் பலன் தரும். ஹெக்டருக்கு 2 டன் என்று பரிந்துரை வந்தால் மலைத்துவிட வேண்டாம். ஒரு சதுர மீட்டருக்கு 200 கிராம்தான். பத்தடி நீளம், நான்கடி அகலமுள்ள பாத்திக்கு முக்கால் கிலோ போதும். விதைப்பதற்கு இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பே தூவி, மண்ணோடு நன்றாகக் கொத்திக் கலக்க வேண்டும். மேலாகத் தூவிவிட்டால் மேலேயே கிடக்கும். நிலக்கடலை போடுவோர் இதைத் தவறவிடாதீர்கள்; சுண்ணாம்புச்சத்து போதாவிட்டால் கூடு காய்க்கும், உள்ளே பருப்பு இருக்காது.

சொந்த நிலம் வைத்திருப்போர் முதலில் மாவட்ட விவசாய இலாகா அலுவலகத்தில் மண் சோதனையைப் பற்றி விசாரியுங்கள். ரப்பர் சிறுதோட்டக்காரர்கள் ரிஸ்டாவிலும், செம்பனைக்காரர்கள் மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் வட்டார அதிகாரிகளிடமும் ஆலோசனை கேட்கலாம். போகும்போது மரத்தின் வயது, கடைசியாக என்ன உரம், எந்த மாதம், எத்தனை மூட்டை என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். மலாய் படிக்கத் தெரிந்த பிள்ளைகளைக் கூட அழைத்துப் போவது நல்லது. தாள் பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். வந்த தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, நிலப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். மூன்று நான்கு ஆண்டு கழித்து மறுபடி மண் எடுக்கும்போது பழைய தாளும் பக்கத்தில் இருந்தால்தான், பொட்டாஷ் ஏறியிருக்கிறதா, மண் மேலும் புளித்திருக்கிறதா என்று அதிகாரியால் ஒப்பிட்டுச் சொல்ல முடியும்.